ரெஃபியாவும் அரைக் கிலோ காப்பியும்

வியன்னாவில் வேலை கேட்டுப் போகிறவர்கள் எல்லோரும் முன்வாசலில்தான் போய் நிற்பார்கள். நானும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் அப்படித்தான் நின்றேன், கால் கடுக்கக் கடுக்க. ரெஃபியா ஒருத்திதான் பின்வாசலுக்குப் போனாள். குப்பைத் தொட்டியும் காலி பால் கேன்களும் கிடக்கிற பக்கம்.

"முன்னாடி போய்க் கேட்டா கோட்டு போட்ட ஆளு வருவான். 'காகிதத்தை வெச்சுட்டுப் போம்மா'ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுவான். பின்னாடி போனா சமையக்காரி வருவா. எத்தனை கை குறையுதுன்னு அவளுக்குத்தானேக்கா தெரியும்?" என்பாள்.

அடேயப்பா! இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன், எனக்கு இது ஒரு நாளும் தோன்றியதில்லை.

என் பெயர் ஹைரியா. ஒட்டாக்ரிங் பேட்டையில் பதினெட்டுக் குடித்தனம் உள்ள ஒரு கட்டடத்துக்குக் காவல்காரி நான். படி கழுவுவது, நடைபாதைப் பனியை வாரித் தள்ளுவது, யார் வீட்டு நாய் எங்கே அசிங்கம் பண்ணியது என்று பஞ்சாயத்து வைப்பது, எல்லாம் என் வேலை. அதற்குக் கூலியோடு கீழ்த்தளத்தில் ஒரு வீடும் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில் முற்றத்தைப் பார்த்த அறையில்தான் ரெஃபியாவும் அவள் மகள் மெலிஹாவும் தொண்ணூற்றிரண்டிலிருந்து இருந்தார்கள். போருக்குத் தப்பி போஸ்னியாவிலிருந்து பேருந்தில் வந்து இறங்கியபோது அந்தக் குழந்தைக்கு ஏழு வயது. எனக்கு அவர்கள் உறவு ஒன்றும் இல்லை. போஸ்னியாவில் என் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள், அவ்வளவுதான். அது போதாதா?

தொண்ணூற்றெட்டு மே மாதம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. போர்தான் முடிந்துவிட்டதே, அகதிகளுக்குக் கொடுத்த அனுமதியும் முடிகிறது. ஜூலை முப்பத்தொன்றுக்குள் யாராவது ஒரு முதலாளி 'இவளை வேலைக்கு வைத்திருக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் தாயும் மகளும் இருக்கலாம், இல்லாவிட்டால் ஊர் திரும்ப வேண்டும். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு நான்தான் மேசையில் குத்தினேன். ரெஃபியா குத்தவில்லை.

எந்த ஊருக்குத் திரும்புவாள்? ஸானா ஆற்றங்கரையில் இருந்த அவள் வீட்டுக்குக் கூரை இல்லை. புருஷன் பெயர் காணாமல் போனவர்கள் பட்டியலில் இருக்கிறது. அவனை வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போன ஆட்களில் ஒருவன் இப்போது அந்த ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறானாம். அவள் தங்கை முறை ஒருத்தி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். திரும்பிப் போனால் மெலிஹா தினமும் அந்தப் பேருந்தில் ஏற வேண்டும். இதை ரெஃபியா மகளிடம் சொல்லவே இல்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள், கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே.

ஊரில் அவள் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் சாப்பாட்டுக்கூடத்துக்குத் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் தட்டு. இங்கே வந்து ஆறு வருடம் ஏதோ ஒரு சாப்பாட்டுக்கடையின் இருட்டு அறையில் பதிவு எதுவும் இல்லாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு வைத்திருப்பதாக எழுதிக் கொடுக்கச் சொல்லி அந்தக் கடைக்காரனிடம் கேட்டதற்கு, "நீ இங்க வேலை பார்த்ததையே நான் பார்க்கலையே" என்றானாம். அவன் கை விளங்காமல் போக!

கடிதம் வந்த மறுநாளே கிளம்பிவிட்டாள். வாரத்துக்கு ஒரு டிராம் தடம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, எந்தச் சந்தில் எண்ணெய் வாடை வருகிறது என்று மோந்து பார்த்து, அந்தப் பின்கதவைத் தட்டுவாள். அவளுடைய ஜெர்மன் பேச்சு அரைகுறை. மெலிஹா சொல்லிக் கொடுத்த ஒரே வாக்கியம்: "நான் தொள்ளாயிரம் பேருக்குச் சமைத்தவள்." சில இடத்தில் சிரித்தார்கள். ஓர் இடத்தில் அவளைப் பைத்தியம் என்று நினைத்து ஒரு ரொட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ரொட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, "நல்லாவே வெந்திருக்கு, ஆனா உப்பு கம்மி" என்றாள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அறுபதோ எழுபதோ கதவு தட்டியிருப்பாள். ஜூலை இரண்டாம் வாரத்தில் எங்கள் பேட்டையிலேயே, மேட்டுத்தெருவில் இருக்கிற ஒரு முதியோர் இல்லத்தின் பின்கதவு திறந்தது. சமையலறைக்குப் பொறுப்பு பின்டர் அம்மா. ஐம்பது வயது, ஒட்ட வெட்டிய நரைமுடி, இடுப்பில் சாவிக்கொத்து. ரெஃபியாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் வந்து வேலை செஞ்சு காட்டு, பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறாள். இந்த ஊர் வழக்கம் அது. ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள்.

அன்று இருநூற்றிருபது பேருக்குப் பன்றி வறுவல். "முஸ்லிம் ஆளுங்க நீங்க, இதைத் தொட மாட்டீங்களே?" என்று அங்கே ஒருத்தி கிண்டலாகக் கேட்டிருக்கிறாள்.

"சாப்பிட மாட்டேன். சமைப்பேன். உப்பை நீ பார்த்துச் சொல்லு" என்றாளாம் இவள். அந்தக் கிண்டல்காரியையே பக்கத்தில் நிறுத்திக் கரண்டியை நீட்டி நீட்டி உப்பு பார்க்க வைத்திருக்கிறாள்.

சாப்பாடு மேலே போனதும் மற்றவர்கள் கை கழுவிக்கொண்டு சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டார்கள். இவள் போகவில்லை. திரும்பி வரும் தட்டுகள் வைத்த வண்டி பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். ஒவ்வொரு தட்டாக மூடியைத் தூக்கிப் பார்த்தாள். மூன்றாம் மாடித் தட்டுகளில் மட்டும் கறி அப்படியே திரும்பி வந்தது. உருளைக்கிழங்கு மட்டும் காலி. பின்டரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து காட்டினாள். தன் பல்லைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையை விரித்து, கத்தியால் பொடிப்பொடியாக நறுக்குவது போலச் செய்தாள். மூன்றாம் மாடியில்தான் பல் போன கிழங்கட்டைகள் எல்லாம் இருக்கிறார்கள். எத்தனை மாதமாக அவர்கள் கறி இல்லாமலே எழுந்து போனார்களோ, யாருக்குத் தெரியும்? தட்டைப் பார்த்து வயிற்றைத் தெரிந்துகொள்கிற சமையல்காரியை நீங்கள் எத்தனை பேரைக் கண்டிருக்கிறீர்கள்?

பின்டர் அம்மா அவளுக்கு மேசை போட்டு மதியச் சாப்பாடு கொடுத்து, "வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆபீஸ் ரூமுக்கு வாங்க, எழுதிடலாம்" என்றாளாம்.

இனிமேல் வருவது என் திருவிளையாடல்.

வியாழக்கிழமை காலையில் ரெஃபியா கறுப்புப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாகக் கிளம்பி நின்றாள். கையில் காகித உறை மட்டும்.

"ஏண்டி, கையை வீசிக்கிட்டா போகப்போற?" என்றேன்.

"அதான்க்கா யோசிக்கிறேன். கடை இன்னும் திறக்கலையே."

எங்கள் ஊரில் கல்யாணமோ, இழவோ, ஆஸ்பத்திரியோ, வாத்தியாரைப் பார்ப்பதோ, கையில் காப்பிப் பொட்டலம் இல்லாமல் யாரும் ஒரு வாசல்படி ஏற மாட்டார்கள். ஏறினால் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். நான் அலமாரியைத் திறந்து, அரைக் கிலோ பொட்டலம் ஒன்றும் ஒரு சாக்லேட் பெட்டியும் எடுத்து அவள் பையில் வைத்தேன். தபால்காரர், புகைபோக்கி சுத்தம் செய்கிறவர், மின்சாரக்காரர் எல்லோருக்கும் நான் இருபத்தாறு வருடமாகக் கொடுக்கிறேன். ஒருத்தரும் வேண்டாம் என்றதில்லை. அந்தத் திமிர் எனக்கு. "உள்ள போன உடனே மேசை மேல வெச்சிடு. அப்புறம் பேசு" என்று புத்திமதி வேறு.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தாள். பையில் காப்பி அப்படியே இருந்தது. சாக்லேட்டும் இருந்தது.

"என்னடி ஆச்சு?"

"வெச்சேன். அந்தம்மா மூஞ்சி செவந்துபோச்சு. பக்கத்துல நிர்வாகத்து ஆள் ஒருத்தன் உக்காந்திருந்தான். 'இந்த வீட்டுல வேலையை விலைக்கு விக்கறதில்லை'ன்னு சொல்லி எழுந்துட்டா. கதவையும் தொறந்து விட்டுட்டா."

எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பின்டருக்கு முன்னால் அந்தச் சமையலறைக்குப் பொறுப்பாக இருந்தவன் கறிக்கடைக்காரரிடம் லஞ்சமாகப் பன்றித்தொடை வாங்கியும், வேலைக்கு வந்தவர்களிடம் பண உறை வாங்கியும் மாட்டிக்கொண்டு போனவன். அந்த அழுக்கைக் கழுவத்தான் பின்டரைப் போட்டிருந்தார்கள். அவள் மேசையில், அதுவும் நிர்வாகத்து ஆள் கண்ணெதிரே, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நாங்கள் கொண்டுபோய் ஒரு பொட்டலத்தை வைத்திருக்கிறோம்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பதினைந்து நாள்தான் பாக்கி. "நான் போறேன். நான்தான் குடுத்தனுப்பினேன்னு சொல்லி அவ கால்ல விழறேன்" என்று செருப்பை மாட்டினேன்.

"உக்காருக்கா. யாரும் யார் கால்லயும் விழ வேண்டாம்" என்றாள். மெலிஹாவிடம் கொஞ்ச நாள் ஆகும் என்று மட்டும் சொன்னாள். மாவு பிசைந்து, மேசை முழுக்க மெல்லிசாக இழுத்து, உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டி அடுப்பில் வைத்தாள். நாங்கள் சாப்பிட்டோம். நான் ஒரு துண்டோடு எழுந்துவிட்டேன். அவள் இரண்டாவது துண்டு எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அதே கறுப்புப் பாவாடையோடு என் முன்னால் வந்து நின்றாள். கையில் அதே காப்பிப் பொட்டலம்.

"அக்கா, நீ கூட வா. எனக்கு அவ்வளவு பேச்சு வராது. நான் சொல்றதை நீ அவங்க பாஷையில சொல்லணும். நான் சொல்றதை மட்டும். உன் சரக்கு ஒண்ணும் சேர்க்கக் கூடாது. கெஞ்சக் கூடாது. நீ குடுத்தேன்னும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

"அந்தப் பொட்டலத்தை எதுக்குடி தூக்கிட்டு வர்ற, பைத்தியமே?"

"வந்து பாரு."

சத்தியம் பண்ணினேன். பண்ணாவிட்டால் தனியாகவே போயிருப்பாள்.

பின்கதவைத் தட்டினோம். பின்டரே வந்து திறந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் கல்லாகிவிட்டது. ரெஃபியா உள்ளே நுழையவில்லை, படியிலேயே நின்றாள். அவள் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்.

"நேத்து நீங்க எனக்கு வேலை இல்லைன்னு சொல்லிட்டீங்க. சரி. நான் வேலை கேட்டு வரலை. அன்னிக்கு உங்க அடுப்புல எனக்கு இடம் குடுத்தீங்க, உங்க மேசையில சோறு போட்டீங்க. எங்க ஊர்ல சோறு போட்ட வீட்டுக்கு வெறுங்கையோட போக மாட்டோம். நேத்து இது லஞ்சமாத் தெரிஞ்சுது. இன்னிக்கு உங்ககிட்ட எனக்கு வேண்டியது ஒண்ணுமில்லை, நீங்க குடுக்கறதுக்கும் ஒண்ணுமில்லை. இப்ப இது வெறும் காப்பிதான். வாங்கிக்கங்க."

சொல்லிவிட்டுப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

அவள் சொன்னதை அப்படியே சொல்லி முடிப்பதற்குள் என் நாக்கு குழறியது. பதினாலு நாள் பாக்கி வைத்துக்கொண்டு இப்படி ஒருத்தி பேசுவாளா? வேலை கேட்கவில்லையாமே! என் வாய் சும்மா இருக்குமா? சத்தியம் எல்லாம் பறந்துவிட்டது. "அம்மா, நேத்து அதைக் குடுத்தனுப்பின முட்டாள் நான்தான்! என் அலமாரியிலிருந்து நான்தான் எடுத்து வெச்சேன். இவளை விட்டுட்டு என்னைத் திட்டுங்க!" என்று கொட்டிவிட்டேன்.

ரெஃபியாவுக்கு அந்தப் பாஷை அரைகுறைதான், ஆனால் நான் என் நெஞ்சில் அடித்துக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாளே! எங்கள் பாஷையில் என் மேல் பாய்ந்தாள்.

"சத்தியம் பண்ணினியேக்கா! பொய் சொல்லாதே! நானேதான் வெச்சேன்னு சொல்லு!"

"நான் வெச்சதை நீ வெச்சேன்னு எதுக்குடி சொல்லணும்?"

"கடை திறந்திருந்தா நானே வாங்கியிருப்பேன்! அப்ப அது என் காப்பிதான்!"

"திறக்கலையே! அப்ப என் காப்பிதான்!"

அவள் என் தோளைப் பிடித்துத் தள்ள, நான் அவள் கையைத் தட்டிவிட, பொட்டலம் படியில் விழுந்தது. உள்ளே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கத்தியோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். மானம் போயிற்று.

"என்ன சண்டை? எனக்கும் சொல்லுங்க" என்றாள் பின்டர்.

"தப்பு தன்னோடதுன்னு சொல்றா. என்னோடதுன்னு நான் சொல்றேன்" என்றேன், மூச்சு வாங்க.

பின்டர் குனிந்து பொட்டலத்தை எடுத்தாள். தூசி ஒட்டியிருந்ததை ஏப்ரனில் துடைத்தாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போன வருஷம் இங்க விசாரணை நடந்துச்சு. பதினோரு பேரு. ஒவ்வொருத்தரும் அடுத்தவங்களைத்தான் கை காட்டினாங்க. தப்பு எனக்குத்தான் வேணும்னு அடிச்சுக்கறதை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

பொட்டலத்தை ரெஃபியா கையில் திருப்பி வைத்து அவள் விரல்களை மூடினாள்.

"இதை எடுத்துக்கிட்டுப் போங்க. என்னால வாங்க முடியாது, வாங்கவும் மாட்டேன். அந்த வேலை இன்னும் காலியாத்தான் இருக்கு. திங்கட்கிழமை காலையில ஆறு மணிக்கு வாங்க. வெறுங்கையோட."

நான் எங்கள் பாஷையில் சொன்னதை ரெஃபியா நம்பவில்லை. "உன் சரக்கைச் சேர்க்காதே" என்று மறுபடியும் என்னைத் திட்டினாள். பின்டர் ஆறு விரலைக் காட்டி, இரண்டு உள்ளங்கையையும் விரித்து, ஒன்றுமில்லாமல் வா என்று காட்டிய பிறகுதான் நம்பினாள்.

டிராமில் வீடு வரும்வரை அவள் என்னோடு பேசவில்லை. சத்தியத்தை மீறியவளாம் நான். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. இந்தக் கட்டடத்தில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். வேலைக்காகப் பல்லை இளித்தவர்கள், கூட வந்தவனைக் காட்டிக் கொடுத்தவர்கள். நானும் எழுபத்திரண்டில் ஒன்றிரண்டு செய்திருக்கிறேன், இப்போது நினைத்தாலும் கூசுகிறது. இவளோ வேலை வேண்டாம் என்று சொல்லிக் காப்பி கொடுக்கப் போனவள். எனக்கு அந்த நெஞ்சுரம் இல்லை. சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

திங்கட்கிழமை ஐந்தரைக்குக் கதவருகே நின்று கையைப் பிசைந்தாள். "நாலு சர்க்கரைக் கட்டியாவது..." என்றாள். "கொன்னுடுவேன்" என்றேன். மெலிஹா விழுந்து விழுந்து சிரித்தாள். ரெஃபியா எதையோ மறந்து வைத்துவிட்டவள் போலத் தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு வந்தாள். உடம்பெல்லாம் சூப் வாடை. உறையிலிருந்து காகிதத்தை எடுத்து மேசையில் வைத்து, "படிடி" என்று மகளிடம் சொன்னாள். கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது. மெலிஹா ஒவ்வொரு வரியாக எங்கள் பாஷையில் சொன்னாள். அம்மா பெயர், பிறந்த நாள், சமையல்காரி, வாரத்துக்கு நாற்பது மணி நேரம்.

"எந்தத் தேதி வரைக்கும்னு போட்டிருக்காங்க?" என்று கேட்டாள் ரெஃபியா.

மெலிஹா மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை தேடினாள். "தொடங்கற தேதி இருக்கும்மா. முடியற தேதி போடலை."

"மறந்துட்டாங்க. அய்யோ, இதைக் கொண்டு போனா ஆபீஸ்ல செல்லாதுன்னு சொல்லிடுவாங்களே! அக்கா, கிளம்பு. அந்தம்மா வீட்டுக்குப் போறதுக்குள்ள எழுதி வாங்கிடணும்." செருப்பில் ஒரு காலை நுழைத்துவிட்டாள்.

ஆறு வருடமாக அவள் கைக்கு வந்த ஒவ்வொரு காகிதத்திலும் அந்தத் தேதி இருந்தது. மூன்று மாதம், ஆறு மாதம், இன்னும் ஆறு மாதம். ஆஸ்பத்திரிச் சீட்டில், மெலிஹாவின் பள்ளிக்கூடச் சீட்டில்கூட. அது இல்லாத காகிதம் ஒன்று இருக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது.

நான் காகிதத்தை வாங்கி விளக்குக்கு அடியில் வைத்துப் படித்தேன். பிறகு அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"மறக்கலைடி. முடியற தேதியே கிடையாது. நீயா வேண்டாம்னு சொல்ற வரைக்கும் உனக்குத்தான்."

அவள் என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "அப்ப... அந்தப் பஸ்ல இவ ஏற வேண்டாம்" என்றாள்.

"எந்த பஸ்மா?" என்று கேட்டாள் மெலிஹா.

ரெஃபியா ஒரு காலில் செருப்போடு, மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அந்த ஆறு வருடத்தில் முதல் தடவையாக என் வீட்டில் சத்தம் போட்டு அழுதாள்.